கசியாத அரக்கு

வீராசாமி சாயம் போடுகிறவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்கு வருகிற தறிக்காரர்கள் கதவு எண்ணைத் தேட மாட்டார்கள். வாசல் சாக்கடையில் மாம்பழ மஞ்சளோ கிளிப்பச்சையோ ஓடினால் அதுதான் வீடு. அந்த வீட்டில் எல்லாருடைய உள்ளங்கையும் உள்ளங்காலும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு விரல் தடங்கள் இருந்தன. கொல்லையில் இரண்டு செம்பு அண்டாக்கள், ஒரு கிணறு. முன்கட்டில் ஒரு குழித்தறி. தறியில் மகன் அர்ஜுனன் உட்காருவான்.

தெருப்பக்கத்துச் சின்ன அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஊர் திருமுக்கூடல். பகலில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை, ஆறு மணிக்கு மேல் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவர்களுக்கான மாலை வகுப்பு. வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஒரு நோட்டு எழுதிவந்தேன். இடப்பக்கம் நேரமும் பார்த்ததும். வலப்பக்கம் அதைப் பற்றி நான் நினைத்தது. வலப்பக்கத்தில் கேள்விக்குறிகள்தான் அதிகம். 1968 மாசியில் நடந்ததை அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நோட்டில் இல்லாத இடங்களில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

நான் குடிவந்த அன்றைக்கே வீராசாமியின் மனைவி ஜெயம்மாள் சொல்லிவிட்டார். "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வூடுப்பா. சோறு கூடத்துக்கு வந்துடும். கெணத்தாண்ட போவணும்னா நடையில நேரா போ, நேரா வா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்கிற வேல வேணாம்." நான் சரி என்றேன். ஒன்றரை வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

பொண்ணு என்றது காந்தாவை. பதினேழு வயது. சேலையின் உடம்பு ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்ய வேண்டுமென்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அர்ஜுனன் நடுவில் உட்கார்ந்து நெய்ய, காந்தா வலப்பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலுள்ள நாடாக் கட்டையை ஓட்டுவாள். "போடு" என்பான். போடுவாள். நாடாவுக்குள் நூல் சுற்றிய புதிய தார்க்குச்சியை வைத்ததும் இழையின் நுனியைச் சின்னத் துளை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு நாடாவை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார்கள். அவன் உறிஞ்சிய நாடாவையே அடுத்த முறை அவள் உறிஞ்சுவாள். அந்தச் சத்தம்தான் என்னைக் காலையில் எழுப்பும்.

அந்த வியாழக்கிழமை அரக்குச் சிவப்புச் சாயத்துக்கு அண்டா வைத்திருந்தார்கள். காமாட்சியம்மன் கோயில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. உற்சவம் முடிந்தால் கல்யாண வேலைகள் வந்துவிடும் என்று வீராசாமிக்கு அவசரம். காந்தா தறியிலிருந்து எழுந்து போய் ஈரப் பட்டு நூல் சிட்டங்களைக் கொடியில் போட்டாள். கொல்லை முழுக்கச் சிவப்புச் சேறு. அவளும் ஜெயம்மாளும் அதில்தான் நடந்தார்கள்.

சாயங்காலம் அவள் தலை வலிக்கிறது என்றாள். விளக்கு வைக்கும்போது காய்ச்சல். சாப்பிட்ட கஞ்சி அப்படியே வாந்தியில் வந்தது. நோட்டில் இடப்பக்கம்: "7.50. காந்தாவுக்கு வாந்தி." வலப்பக்கம்: "வெயில்?"

வெள்ளிக்கிழமை காலையில் அவளால் கழுத்தை அசைக்க முடியவில்லை.

"ரெண்டு நாளா தறியாண்ட ஒரே பக்கம் திரும்பிக்கினு ஒக்காந்தா இல்ல? கழுத்து புடிச்சிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல," என்றார் ஜெயம்மாள்.

"எந்தலையில போடாத," என்றான் அர்ஜுனன். "தறியில ஒக்காந்தா கழுத்து புடிக்கும். வாந்தி எடுக்குமா?"

"கோயிலாண்ட வெயில்ல நின்னு ஐஸ் வாங்கித் தின்னா எடுக்கும். வாங்கிக் குட்த்தது யாரு?"

"அவ கேட்டா, வாங்கிக் குட்த்தேன். அதுக்கு இப்ப இன்னான்ற?"

வீராசாமி அண்டாவைக் கழுவிக்கொண்டே, "கிருஷ்ணம்மாள கூப்டு. ஒரு இழுப்பு இழுத்தா சரியாப்பூடும்," என்றார்.

நெசவுக்காரர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்வது வாராவாரம் நடப்பது. சுளுக்கு எடுக்கிற கிருஷ்ணம்மாள் எங்கள் தெருவில் நுழைந்தால் நான்கு வீட்டு வேலை இருக்கும். எட்டு மணிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி, காந்தா படுத்திருந்த நடு அறைக்கு எதிரே நடையில் நின்றேன்.

"இன்னாடி, மாப்ள பாக்க வந்தாக்கூட இப்டித்தான் தலய நிமித்திக்கினு இருப்பியா?"

காந்தா சிரிக்கவில்லை. "சன்னல மூடுங்க. கண்ணு கூசுது," என்றாள். சன்னலில் ஏற்கெனவே சாக்குப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணம்மாள் எண்ணெய் தடவி, தலைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். கழுத்து வளையவில்லை. தோளும் சேர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கியபோது காந்தாவின் இரண்டு முழங்கால்களும் மடங்கி மேலே வந்தன. தறியில் ஒரு பக்கம் கயிற்றை இழுத்தால் இன்னொரு பக்கம் இழைகளைப் பிடித்திருக்கும் விழுது எழும்புமே, அதைப்போல. கிருஷ்ணம்மாள் தலையைக் கீழே விட்டாள். முழங்கால்கள் இறங்கின. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் எழும்பின.

"காலத் தூக்காதடி."

"நான் தூக்கல ஆயா," என்றாள் காந்தா.

கிருஷ்ணம்மாள் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சுளுக்குன்னா ஒரு பக்கமாவது திரும்பும் ஜெயம்மா. இது பலகையாட்டம் இருக்குது. எனக்குப் புடிபடல."

"அப்பறம் இன்னாவாம்?"

"பின்னாலயே பாக்கிறா பாரு. தலய அண்ணாந்துக்கினு. யாரையோ பாக்கிறாப்பல."

எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்தோம். காந்தாவின் தலைக்கு மேலே ஆணிகளில் இன்னும் சாயம் ஏறாத வெள்ளைப் பட்டுச் சிட்டங்கள் வரிசையாகத் தொங்கின. காற்று இல்லை. அவை அசையவும் இல்லை. இருட்டில் பார்த்தால் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு சிலர் சுவரைப் பார்த்து நிற்பதுபோல இருந்தது. இது என் வலப்பக்கத்து எண்ணம். அந்த நேரத்தில் எல்லாருக்கும் அதேதான் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஜெயம்மாள் எழுந்துபோய் எல்லாச் சிட்டங்களையும் கழற்றிக் கூடைக்குள் போட்டு மூடினார்.

கிருஷ்ணம்மாள் காந்தாவின் தலையில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை அண்டா வைக்க வேண்டாம் என்று வீராசாமி அடுப்பை மூட்டவில்லை. தறியும் நின்றிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். கூடத்தில் எனக்கும் அர்ஜுனனுக்கும் இலை போட்டிருந்தது. முருங்கைக்கீரையும் மோரும். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். உள்ளேயிருந்து காந்தா கத்தினாள்.

"அண்ணா, தறிய நிறுத்துண்ணா. தல தெறிக்குது."

அர்ஜுனனின் கை சோற்றிலேயே நின்றது. தறி எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. துணி போட்டு மூடியிருந்தது.

"நிறுத்திட்டேம்மா," என்றான்.

"இல்ல, ஓடுது. நிறுத்துண்ணா. விளக்கையும் அணைங்க."

எந்த விளக்கும் எரியவில்லை. வெளியே மணி பன்னிரண்டரை.

கை கழுவக் கிணற்றடிக்குப் போகும்போது நடையில் நேராகத்தான் போனேன். நடு அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. பாயில் அவள் கால்கள் கதவுப் பக்கம் நீட்டியிருந்தன. ஓட்டின் கண்ணாடி வழியாக ஒரு கோடு வெளிச்சம் அவள் இடது உள்ளங்காலில் விழுந்தது. அதில் அரக்கு நிறத்தில் மூன்று புள்ளிகள். மிளகு அளவு. முதல்நாள் அரக்கு அண்டா என்பதால் அதில் அதிசயம் இல்லை. ஆனால் சாயம் பாதத்தில் படிகிறபோது திட்டாகப் படியும், விளிம்பு கலங்கியிருக்கும். இவை வட்டமாக, விளிம்பு தெளிவாக இருந்தன. அச்சகத்தில் முற்றுப்புள்ளி எழுத்தை நாள்முழுக்கக் கையில் பிடிப்பவன் என்பதால்தான் இப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதிவைத்தேன்: "12.40. இ. பாதம் 3."

கை கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது ஐந்து இருந்தன. முதலில் சரியாக எண்ணவில்லையோ என்று நினைத்தேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இதை நோட்டில் பிற்பாடு பலமுறை எழுதியிருக்கிறேன். யாரிடம், எப்படித் தொடங்குவது என்பதுதான் அன்றைக்குப் பெரியதாக இருந்தது. 'உங்கள் பெண்ணின் காலில்' என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை அந்த வீட்டில் என்னால் சொல்ல முடியவில்லை. அச்சகத்துக்குப் போனேன். மூன்று கல்யாணப் பத்திரிகைகள் கோத்தேன். ஒன்றில் மணமகளின் பெயரைத் தலைகீழாகக் கோத்து ஏச்சு வாங்கினேன்.

ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். ஜெயம்மாள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நடையில் நின்றேன். இந்த முறை நேராகப் போகவில்லை. நின்றேன். இடது பாதத்தில் பதினொன்று. வலது பாதத்திலும் ஆறு. கணுக்காலுக்கு மேலே ஒரு திட்டு, எட்டணா அளவுக்கு, கருஞ்சிவப்பாக. அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. தலை பின்னால் வளைந்து கிடந்தது. என்னைப் பார்க்கிறாளா, சுவரைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

நான் போய்விட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே போய்விட்டேன். வழியெல்லாம் உற்சவக் கூட்டம். வாகனத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் குங்குமத்தைக் கூம்பாகக் குவித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்தேன். வாசலில்தான் அந்தக் கணக்கு எனக்கு நேரானது. இன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. அண்டா காய்ந்து கிடக்கிறது. அவள் பாயை விட்டு எழவில்லை. பிறகு சாயம் எங்கிருந்து ஏறுகிறது?

ஓடிவந்தேன். வீராசாமி கொல்லையில் கொடிக்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஐயா, காந்தா கால்ல புள்ளி இருக்குது."

"சாயம்பா. இந்த வூட்ல சாயம் இல்லாத காலு எது? உங்காலப் பாரு."

"மத்தியானம் மூணு இருந்திச்சு. அஞ்சேகாலுக்குப் பதினொண்ணு. இன்னொரு கால்ல ஆறு."

அவர் கயிற்றை விட்டார். "எண்ணினியா?"

"ஆமா."

கிணற்றடியிலிருந்து ஜெயம்மாள் குடத்தோடு வந்து நின்றார். "ஏன்பா, உனக்குச் சோறு போட்டது எம்பொண்ணு கால எண்ணிக்கினு இருக்கத்தானா?"

நான் தரையைப் பார்த்தேன். வீராசாமி, "நீ சும்மா இரு," என்றார் மனைவியிடம். "நீயும் பாத்தியாடி புள்ளிய?"

"பாத்தேன். மூணு மணிக்கு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன். போவல. உன் சாயம் கெட்டின்னு ஊரே சொல்லுதே, அதான்னு வுட்டுட்டேன்."

வீராசாமி உள்ளே போனார். கூடைக்குள் கிடந்த வெள்ளைச் சிட்டத்திலிருந்து ஒரு பிடி இழையை அறுத்து எடுத்து, தண்ணீரில் நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார். இது அவர் தினமும் செய்வது. சாயம் போட்டு உலர்ந்த பட்டை ஈர வெள்ளைப் பட்டால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வெள்ளையில் எவ்வளவு ஏறுகிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பார். எந்தச் சாயமும் முதல் தண்ணீரில் கொஞ்சமாவது கசியும் என்பார். அவருடைய அரக்கும் மூன்று தண்ணீர்வரை கசியும். அதற்குப் பிறகுதான் நிற்கும்.

அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு போனோம். வெளிச்சம் பட்டதும் காந்தா முனகினாள். வீராசாமி பாயருகே உட்கார்ந்து மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஈரப் பட்டால் ஒரு புள்ளியைத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். பிறகு விரலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

பட்டு வெள்ளையாகவே இருந்தது.

இன்னொரு புள்ளியைத் தேய்த்தார். வெள்ளை. கணுக்கால் திட்டைத் தேய்த்தார். வெள்ளை.

"இது என் அரக்கு இல்ல," என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "இது வெளியிலேர்ந்து ஏறல. உள்ளயிருந்து வருது."

ஜெயம்மாளின் குடம் நடையில் சாய்ந்தது. தண்ணீர் அறைக்குள் வந்து பாயை நனைத்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

அர்ஜுனன் ஜட்கா வண்டி கொண்டுவந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சாமி புறப்பாட்டுக்காகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொரு விளக்கைக் கடக்கும்போதும் காந்தா அலறினாள். உடம்பு பின்பக்கமாக வில்போல வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் பலகையில் பட்டிருந்தன. ஜெயம்மாள் முந்தானையால் அவள் முகத்தை மூடினார். கூட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வேப்பில வெச்சிருக்காங்க. பொண்ணு மேல அம்மா வந்திருக்குதுடீ!"

"வழி விடுங்க, வழி விடுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மாள் வண்டிக்குள் கையை நீட்டி, காந்தாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்மவனுக்கு எப்பம்மா வேல கெடைக்கும்? ஒரு வார்த்த சொல்லு," என்று கேட்டாள். காந்தா ஏதோ சொன்னாள். "தறிய நிறுத்துங்க" என்றுதான் எனக்குக் கேட்டது. அந்த அம்மாளுக்கு என்ன கேட்டதோ, அழுதுகொண்டே கும்பிட்டாள். அர்ஜுனன் மறுக்கவில்லை. "ஆமா, அம்மாதான். வழி வுடுங்க," என்று கத்தினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாமுவேல் இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, பல நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். காந்தாவின் தலையைத் தூக்கினார். முழங்கால் எழும்பியது. மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அவள் காலில் அழுத்தி, அடிப்பக்கம் வழியாகப் பார்த்தார்.

"அழுத்தினாலும் மறையல. மத்த தடிப்புன்னா கண்ணாடிக்குக் கீழ வெளுத்துடும். இது தோலுக்கு அடியில ரத்தம்." நர்ஸிடம் பென்சிலின் என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். "மூளைக் காய்ச்சல். மூளையச் சுத்தியும் முதுகுத் தண்டச் சுத்தியும் ஒரு உறை இருக்கு. அதுல கிருமி போய்ச் சீழ் வெச்சிருக்கு. அதான் கழுத்து வளையல, வெளிச்சம் தாங்கல, புலம்பறா. முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாக்கணும்."

"முதுகுலயா?" ஜெயம்மாள் மகளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "வேணாம் சாமி. முதுகுல ஊசி போட்டா காலு ரெண்டும் வராதாம். எங்க தெருவுல முனுசாமி பொண்டாட்டிக்கு அப்டித்தான் ஆச்சு."

"அவங்களுக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. இதுல கால் போகாது. மருந்த இப்பவே ஏத்தறேன், அதுக்கு உங்கள நான் கேக்கல. தண்ணி எடுத்தாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும், சரியான மருந்து சரியான அளவுல போகும்."

"எழுந்து நடக்கலன்னா எவன் கட்டுவான் இவள?"

"மொதல்ல உயிரோட இருக்கட்டும்மா. அப்பறம் கட்டறத பாக்கலாம்."

ஜெயம்மாள் நகரவில்லை. வீராசாமி அந்த ஈரப் பட்டு இழையை இன்னும் விரலிலேயே சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே, "எடுங்க சார்," என்றார். "நீ வாடி இந்தப் பக்கம்."

அர்ஜுனனும் நர்ஸும் அவளை ஒருக்களித்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயோடு வந்து விளக்குக்கு நேரே பிடித்தார். வீராசாமியும் எழுந்து நின்று பார்த்தார். தண்ணீரைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவர் தொழில். கலங்கல் தண்ணீரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது.

"இது எப்டி இருக்கணும் சார்?"

"கிணத்துத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும்."

குழாயில் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது. வீராசாமி உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி வந்துது சார்? சாயத்தாலயா? காத்து கருப்பா?" என்று அர்ஜுனன் கேட்டான்.

"மூச்சாலயும் எச்சிலாலயும் வர்றது. இந்தக் கிருமி நெறையப் பேர் தொண்டையில சும்மா உக்காந்திருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இருமல், தும்மல்ல பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போகும். ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் ரத்தத்துல எறங்கி மூளைக்குப் போகும். ஒரே டம்ளர்ல வாய் வெச்சுக் குடிப்பீங்களா?"

"சேச்சே," என்றார் ஜெயம்மாள், அந்த நிலைமையிலும் கொஞ்சம் ரோஷத்தோடு. "எங்க வூட்ல தூக்கித்தான் குடிப்போம். எச்சி பண்ண மாட்டோம்."

அர்ஜுனன் தன் உதட்டைத் தொட்டான். "நாடா," என்றான். யாருக்கும் புரியவில்லை. "நானும் அவளும் ஒரே நாடாவத்தான் உறியறோம் சார். போன வாரம் எனக்குத் தொண்ட கட்டியிருந்திச்சு."

"உன்னாலன்னு சொல்ல முடியாதுப்பா. வீட்ல யார் தொண்டையில வேணா இருக்கலாம். உற்சவக் கூட்டத்துல வாங்கியிருக்கலாம். எல்லாரும் மாத்திரை சாப்பிடணும், நீங்களும்தான்," என்று என்னையும் காட்டினார். "புள்ளி எப்ப வந்துது?"

ஜெயம்மாள் வீராசாமியைப் பார்த்தார்.

"பன்னெண்டு நாப்பது," என்றேன்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பத்து. "மத்தியானமே..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இது மணிக்கணக்குல முத்தற நோய். இப்பவாவது வந்தீங்களே."

சல்ஃபா மாத்திரைகளை எல்லாரும் விழுங்கினோம். காந்தாவைத் தனி அறையில் வைத்து, மணி தவறாமல் பென்சிலின் போட்டார்கள். நகராட்சி ஆட்கள் வந்து தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வீட்டுச் சாக்கடை முதல்முறையாக வெள்ளையாக ஓடியது. டாக்டர் கேள்விப்பட்டு, சாக்கடையில் தூவி இதற்குப் பிரயோஜனம் இல்லை, சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்க வேண்டாம் என்றார். சன்னல் சாக்குப்பையை நான்தான் கழற்றினேன். அந்த வாரம் எங்கள் வீட்டைக் கடக்கிறவர்கள் எதிர் வரிசைக்கு மாறி நடந்தார்கள். நானும் வகுப்புக்குப் போகவில்லை. வலப்பக்கத்தில் வீட்டு ஆட்கள் ஐந்து பேரின் பெயரையும் எழுதினேன், என் பெயரையும் சேர்த்துத்தான். யாருடைய தொண்டை என்று இன்றுவரை தெரியாது. எச்சில் விழுங்கும்போது எனக்கே என்மேல் சந்தேகம் வரும்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கழுத்து கொஞ்சம் வளைந்தது. புள்ளிகள் பழுத்துக் கறுத்து உதிர ஆரம்பித்தன. காலை மடக்கி நீட்டிக் காட்டச் சொல்லி ஜெயம்மாள் மறுபடி மறுபடி பார்த்தார். "ரெண்டு காலும் வருது, ரெண்டு காலும் வருது," என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதார். காந்தா எங்கள் எல்லாரையும் பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டாள்.

"ஏம்மா எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறீங்க?"

கேட்கும் நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். இந்த நோய் விட்டுப்போகும்போது சில பேருக்குக் காதை எடுத்துக்கொண்டு போகும். திரும்பி வராது. முன்னாலேயே வந்திருந்தால் என்று ஜெயம்மாள் கேட்டார். சொல்ல முடியாதும்மா, சில சமயம் உடனே வந்தாலும் போகும் என்றார் டாக்டர். அந்தப் பதிலை அப்படியே இடப்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அது எனக்கு உதவியதா இல்லையா என்று வலப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

பங்குனியில் அவள் மறுபடி தறியில் உட்கார்ந்தாள். அர்ஜுனன் வளைந்த கம்பி ஒன்றைச் செய்து வைத்திருந்தான். இழையை அதனால் கொக்கிபோட்டு இழுத்தான். அந்தத் தறியில் யாரும் நாடாவை வாயில் வைக்கவில்லை. "போடு" என்பதற்குப் பதில் தறிப் பலகையை முழங்கையால் ஒரு தட்டுத் தட்டுவான். காந்தா இடது உள்ளங்கையைத் தறிக்கட்டையில் வைத்திருப்பாள். அதிர்வு வந்ததும் நாடாவை ஓட்டுவாள்.

ஒரு சாயங்காலம் நான் வகுப்புக்குக் கிளம்பி நடையில் வந்தபோது அவள் தறியிலிருந்தபடியே கூப்பிட்டாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. வீடு முழுக்கக் கேட்டது.

"பழனிண்ணா! நீ அன்னிக்குப் பாத்த இல்ல? கதவாண்ட நின்னுக்கினு?"

அர்ஜுனனின் கை நின்றது. கூடத்தில் ஜெயம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கொல்லையில் வீராசாமி கழியால் அண்டாவைக் கிளறுகிற சத்தமும் நின்றது.

"நீ வாய அசைச்சு எண்ணின. ஒண்ணு ரெண்டுன்னு. நான் பாத்தேன். ஏன் யாராண்டயும் சொல்லல?"

பக்கத்தில் சிலேட்டுப் பலகையும் பலப்பமும் இருந்தன. அவளோடு பேச அவைதான். எடுத்தேன். எல்லாவற்றையும் மணியோடு எழுதுகிறவனுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் 'பயம்' என்று எழுதிக் காட்டினேன்.

படித்தாள். ஒரு தரம் அம்மாவைப் பார்த்தாள். ஜெயம்மாள் முறத்தில் இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கும்தான் பயமா இருந்திச்சு," என்றாள் காந்தா. "செவுத்தாண்ட யார் யாரோ நின்னுக்கினு இருந்தாங்க. நீ ஒருத்தன்தான் என் கால எண்ணிக்கினு இருந்த. சரி, ஒருத்தராவது பாத்துட்டாங்கன்னு நெனச்சேன். போய்ச் சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். அப்பறம் நீ பொஸ்தவத்த எடுத்துக்கினு போயிட்ட."

அவள் குரலில் கோபம் இல்லை. பலகையில் இருந்ததைக் கையால் அழித்துவிட்டு அதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். இன்னும் ஏதாவது எழுதுவேன் என்று காத்திருந்தாள். நான் பலப்பத்தைப் பிடித்தபடியே நின்றேன்.

கொல்லையிலிருந்து வீராசாமி வந்தார். அன்றைக்கும் அரக்கு அண்டாதான். காந்தா வீடு திரும்பியதிலிருந்து, தினமும் விளக்கு வைப்பதற்கு முன் அவர் செய்கிற வேலை ஒன்று இருந்தது. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டார். விரலில் ஈர வெள்ளைப் பட்டு சுற்றியிருந்தது. உள்ளங்காலில் சிவந்திருந்த ஓர் இடத்தை அழுத்தித் தேய்த்தார். எல்லாரும் அவர் விரலையே பார்த்தோம். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பட்டு முழுக்கச் சிவப்பு.

"கசியுது," என்றார். யாராவது அப்படிச் சொன்னால் சிட்டத்தைத் தூக்கி எறிகிற மனிதர், அதைத் தன் மனைவிக்குக் காட்டினார், மகனுக்குக் காட்டினார், எனக்கும் காட்டினார். "நம்ம சாயந்தான். நல்லாக் கசியுது."

காந்தா அவர் உதடுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த காலை நீட்டினாள்.